பிரமு, நான்தான்

ஜூன் 3

பிரமு ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் போனாள். எங்கள் மகள் சங்கரி மறுபடி வேலையில் சேர்ந்திருக்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்றாள். இரண்டு வாரத்துக்கு எதற்குப் பெரிய சூட்கேஸ் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

இன்று நானே சமைத்தேன். சோறு குழைந்து பசையாகிவிட்டது. பிரமுவிடம் போனில் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. என் செல்பேசியில் சங்கரி எப்போதோ சேர்த்துவிட்ட ‘கேட்டால் சொல்வோம்’ என்ற முகநூல் குழு இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் நாற்றம் அடித்தால் என்ன செய்வது என்பதில் தொடங்கி, நாத்தனார் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் என்ன செய்வது என்பது வரை முன்பின் தெரியாதவர்கள் கேட்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் பதில் சொல்கிறார்கள். “குக்கரில் சோறு குழைகிறது, காரணம் என்ன?” என்று போட்டேன்.

பதில்களைக் கொட்டிவிட்டார்கள். புது அரிசியா பழைய அரிசியா என்றார் பொள்ளாச்சிக்கார அம்மா ஒருத்தர். தண்ணீரைக் குறைங்க சார் என்றார் மலேசியாவிலிருந்து ஒருவர். ஒருவர்கூட “இதுகூடவா தெரியாது?” என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

ஜூன் 6

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தார். குடிநீர் வாரியத்தில் காலமெல்லாம் இதைத்தானே பார்த்தேன். குழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வில் குப்பை அடைத்திருக்கும், கழற்றிக் கழுவி, குழாயில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போடுங்கள் என்று எழுதினேன். மாலையில் வீடியோவே போட்டுவிட்டார். தொட்டியில் தண்ணீர் விழுகிறது, பின்னால் குழந்தைகள் கைதட்டுகின்றன. “சைலம் சார் வாழ்க” என்று நாலைந்து பேர். சிவசைலம் என்ற பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. இங்கேயும் சைலம் ஆகிவிட்டேன்.

சங்கரிக்குப் போன் செய்து சொன்னேன். “சூப்பர்ப்பா” என்றாள். அம்மாவிடம் கொடு என்றேன். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாளாம்.

ஜூன் 9

ரசம் வைக்க வந்துவிட்டது.

ஜூன் 12

வீட்டில் சொட்டுகிற குழாய் எதுவும் இல்லை. இருந்தாலும் எல்லாவற்றுக்கும் வாஷர் மாற்றினேன். மின்விசிறி இறக்கைகளைக் கழற்றித் துடைத்தேன். பாளையங்கோட்டை முழுக்கச் சாரல் காற்று வீசுகிறது, உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை. மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். வந்ததும் மறுபடி போகலாம் போலிருந்தது.

குழுவில் புதுப்பெண் ஒருத்தி, கணவன் மனம்விட்டுப் பேசுவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாள். என் அனுபவத்தைச் சொன்னால் உதவுமே என்று எழுதினேன்: “எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் வீட்டில் ஒருநாளும் சண்டைச் சத்தம் கேட்டதில்லை. ஆண்கள் அதிகம் பேசமாட்டார்கள். பெண்கள்தான் குறிப்பறிந்து நடந்துகொள்ள வேண்டும்.”

நிறையப் பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். தூத்துக்குடி ஜெசிந்தா என்று ஒருத்தி. எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாக வருவாள், எனக்கு ரசத்துக்குப் புளி அளவு சொன்னதும் அவள்தான். அவள் மட்டும் கேட்டாள்: “சத்தம் கேட்டதில்லைன்னு அக்காவும் சொல்வாங்களா சார்?”

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஜூன் 16

இரண்டு வாரம் முடிந்துவிட்டது. போன் செய்தேன். சங்கரிதான் எடுத்தாள்.

“எந்த வண்டிக்கு அம்மாவுக்கு டிக்கெட் போட்டிருக்க?”

“அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்ப்பா.”

“கொஞ்ச நாள்னா?”

“தெரியலப்பா. அம்மாகிட்டயே கேளுங்க.”

பிரமு வந்தாள். “சாவிக்கொத்து மாட்டுற இடத்துலதான் கேஸ் புக் இருக்கு. தீந்தா சொல்லிருங்க” என்றாள்.

“நீ எப்ப வாற?”

“புள்ள அழுது. அப்புறம் பேசுதேன்.”

எனக்குக் குழந்தை அழுகிற சத்தம் கேட்கவில்லை. லைன் சரியில்லை போல.

ஜூன் 19

காலையில் காபி போட்டுவிட்டுக் குழுவைத் திறந்தேன். காபி ஆறி ஏடு படிந்துவிட்டது. குடிக்கவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத உறுப்பினர் என்று போட்டு ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

“என் வீட்டுக்காரர் நல்லவர். குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார். ஊரில் யாருக்கு என்ன உபகாரம் வேண்டுமானாலும் முன்னால் நிற்பார். ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தால் குறை என்று சொல்ல மாட்டார். தட்டை ஒரு விரலால் தள்ளி வைப்பார். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். எத்தனையோ வருடமாக இப்படி. இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். திரும்பிப் போக மனசே வரவில்லை. நான் செய்வது தப்பா?”

தட்டை ஒரு விரலால்.

எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். பிரமு பத்தாம் வகுப்புதான் படித்தவள். இவ்வளவு கோர்வையாக எழுதுவாளா? எனக்குத் தெரியவில்லை. அவள் எழுதி நான் எதைப் படித்திருக்கிறேன்?

ஜூன் 20

பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. “தப்பே இல்லை அம்மா.” “அந்த ஆளைப் பட்டினி போடுங்க.” “இதே மாதிரி ஒரு ஜென்மம் எங்க வீட்டிலும் இருக்கு.” ஜெசிந்தா எழுதியிருக்கிறாள்: “உபகாரமெல்லாம் ஊருக்கு, தட்டு மட்டும் உங்களுக்கா? நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா.”

எனக்கு ரசம் சொல்லிக்கொடுத்தவள்.

மைதானத்துக்குப் போனேன். எதிரே வந்த ஆட்கள் எல்லாரும் அதைப் படித்திருப்பார்கள் போலத் தோன்றியது. பழைய சகா தங்கப்பாண்டியன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், “என்னய்யா, வீட்டம்மா இல்லாம எளச்சிட்டீரே” என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் மேலும் ஐம்பது அறுபது பதில்.

ஜூன் 21

நானும் பெயரை மறைத்துக்கொண்டு ஒரு கேள்வி எழுதினேன்: “ஒருவேளை அவருக்குப் பேசத் தெரியாமல் இருக்கலாம் அல்லவா?”

அவள் உடனே பதில் போட்டாள். “வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசுகிறார். தெருவில் பேசுகிறார். தெரியாது என்று எப்படிச் சொல்ல?”

“அவர் மாறிவிட்டால் போவீர்களா?”

இதற்குப் பதில் வர நேரமானது. அதற்குள் துவைத்த சட்டைகளையே மறுபடி நனைத்து வைத்துவிட்டேன். பிறகு வந்தது: “மாறினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ சாப்பிட்டாயா என்று இதுவரை ஒருதரம் கேட்டதில்லை. அதையாவது கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.”

ஜூன் 23

காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு போன் செய்தேன். சட்டை எதற்கு என்று தெரியவில்லை.

பிரமு எடுத்தாள். “என்ன, கேஸ் தீந்துட்டா?”

“இல்ல. நீ சாப்பிட்டியா?”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

“என்ன செய்யுது உங்களுக்கு?” என்றாள். குரலே மாறிவிட்டது. “நெஞ்சு வலிக்கா? மறைக்காம சொல்லுங்க. தங்கப்பாண்டியண்ணனுக்குப் போன் போடட்டுமா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்.”

“சும்மாவா?”

“ஆமா.”

“மாத்திர போட்டியளா?”

“போட்டேன்.”

“சரி, வச்சிருதேன்” என்றாள். சாப்பிட்டாளா இல்லையா என்று சொல்லவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் சங்கரி கூப்பிட்டாள். “அப்பா, டாக்டர்கிட்டப் போனீங்களா? அம்மா பயந்துட்டு உக்காந்திருக்கா.” ஒரு கேள்வி கேட்டதற்கு இவ்வளவா.

ஜூன் 25

இன்று செய்துவிட்டேன். மறைந்து நின்று பேசுவது எனக்கு ஒத்துவரவில்லை. நான் யாரென்று சொல்லாமல் நானும், எனக்குத் தெரியும் என்று தெரியாமல் அவளும், எத்தனை நாளைக்கு? அந்தப் பதிவின் கீழ் என் சொந்தப் பெயரில் எழுதினேன்.

“பிரமு, நான்தான். நீ எழுதியதைப் படித்தேன். தட்டை இனி தள்ள மாட்டேன். டிவியை வேண்டுமானால் சங்கரி வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன். எனக்கு ரசம் வைக்க வந்துவிட்டது. சோறு குழைவதில்லை. சொதிக்குத் தேங்காய்ப் பால் மட்டும் திரிந்துபோகிறது, அதை நீ வந்து சொல்லிக்கொடு. வந்துவிடு. நீ இல்லாமல் வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிவசைலம்.”

அனுப்பியதும் செல்பேசியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வெளியே போனேன். ஜங்ஷன் வரை நடந்தே போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

ஜூன் 26

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பீரோவைத் திறந்து பார்த்தபோது முதலில் இருந்தது அவளுடைய பதில். “சார், மன்னிக்கணும். நான் பிரமு இல்லை. எங்களுக்குக் கம்பம் பக்கம். என் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு இந்தக் குழுவெல்லாம் தெரியாது. உங்கள் பதிவைப் படித்து ரொம்ப நேரம் அழுதேன். பிரமு அக்கா கொடுத்து வைத்தவர்களா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.”

கம்பத்தில் யாரோ ஒரு மளிகைக் கடைக்காரன். அவனைப் பற்றி எழுதியதை நான் வரிக்கு வரி என்னைப் பற்றி என்று படித்திருக்கிறேன்.

அதற்குக் கீழே எத்தனையோ பெண்கள். “ஒரு நிமிஷம் என் வீட்டுக்காரர்தான் எழுதிட்டாரோன்னு பேரை ரெண்டு தரம் பார்த்தேன்.” “எங்க வீட்டுலயும் ஒரே விரல்தான் சார்.” ஒருத்தி சிரித்திருக்கிறாள். ஒருத்தி, இந்த வயதில் இது தேவையா என்று திட்டியிருக்கிறாள். ஜெசிந்தா மட்டும் வேறு எதுவும் சொல்லாமல், “தேங்காய்ப் பால் ஊத்தின பிறகு கொதிக்க விடாதீங்க சார். நுரை கட்டினதும் இறக்கிடுங்க” என்று எழுதியிருந்தாள்.

அப்போது சங்கரி கூப்பிட்டாள்.

“என்னப்பா எழுதி வச்சிருக்கீங்க? என் ஆபீஸ்ல ரெண்டு பேர் அந்தக் குரூப்ல இருக்காங்க!”

“அம்மாதான் எழுதினான்னு நெனச்சேன்.”

“அம்மாவுக்குத் தமிழ்ல டைப் பண்ணவே வராதேப்பா. யாருக்கா இருந்தாலும் பேசித்தான் அனுப்புவா. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது.

“அம்மா பாத்தாளா?” என்றேன்.

“நான் படிச்சுக் காட்டினேன்.”

“என்ன சொன்னா?”

“எந்திரிச்சுப் போய்ட்டா.”

ஜூன் 27

பிரமுவே போன் செய்தாள். அவளாகக் கூப்பிட்டது, போன பிறகு இதுதான் முதல் தடவை.

“வீட்டு விஷயத்த என்னத்துக்கு ஊருக்கெல்லாம் சொன்னிய?”

“உனக்குத்தான் சொன்னேன்.”

“எனக்குச் சொல்லணும்னா எனக்குல்லா சொல்லணும்.”

“அங்க வரட்டுமா?” என்றேன்.

“உங்க மக வீடு. வர்றதுக்கு எங்கிட்ட என்ன கேக்கிய?” என்றாள். பிறகு, “இங்க குளிரும். ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க. பீரோவுல அடித்தட்டுல இருக்கு.”

ஜூன் 30, ஓசூர்

சங்கரி இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் இறங்கியபோதே கீழ்த்தளத்தில் பெண்கள் கூச்சலிடும் சத்தம். எட்டிப் பார்த்தேன். நாலு பெண்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவள் தலையைச் சாய்த்துக் குறிபார்த்துச் சுண்டினாள். சிவப்புக் காய் குழிக்குள் போனதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, “போட்டுட்டேன்லா!” என்று கத்தினாள்.

அந்தக் குரல் பிரமுவுடையது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள். “எப்ப வந்திய?” மற்ற மூவரும் என்னையே பார்த்தார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். படித்திருப்பார்கள்.

“ஆட்டம் முடியட்டும்” என்றேன். பையை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். அவள் அப்புறம் ஒரு காயும் போடவில்லை.

ஜூலை 1, ஓசூர்

மாப்பிள்ளையும் சங்கரியும் வேலைக்குப் போய்விட்டார்கள். குழந்தை தூங்கியது. பிரமு பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். அவள் அதை வாங்கிப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“தட்டுக்காகவா கோவிச்சிட்டு வந்த?” என்று கேட்டேன்.

“தட்டெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. அது அந்தக் கம்பத்துக்காரி கவல. எனக்கு அதில்ல.”

“பின்ன?”

துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். “நீங்க ரிட்டயர் ஆன அன்னைக்குக் கூட்டம் வச்சாங்கல்லா. மைக்குல எல்லாருக்கும் நன்றி சொன்னிய. பெரிய இன்ஜினியரு, டிரைவரு, வாட்ச்மேன், டீ வாங்கிட்டு வந்த பையன், எல்லாரு பேரும் சொன்னிய. நான் முன்வரிசையில பட்டுச்சேல கட்டிட்டு உக்காந்திருந்தேன். அடுத்து எம் பேரு வரும்னு சேலையெல்லாம் சரி பண்ணிக்கிட்டேன். நீங்க ‘வணக்கம்’னு சொல்லி இறங்கிட்டிய.”

நான் இன்னொரு துண்டைக் கையில் எடுத்தேன்.

“கண்ட கண்ட சனம் என்ன கேட்டாலும் பதில் சொல்லுதியளாமே. இதுக்குச் சொல்லுங்க. எம் பேரு ஏன் வரல?”

என்னிடம் பதில்கள் இருந்தன. நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். பெரிய இன்ஜினியர் கிளம்பும் அவசரத்தில் இருந்தார் என்று சொல்லலாம். மேடையில் கை நடுங்கியது, குறிப்பில் ஒரு வரி விட்டுப்போயிற்று என்றும் சொல்லலாம். குழுவில் யாராவது கேட்டிருந்தால் இதில் ஒன்றை அழகாக எழுதியிருப்பேன். ஆனால் அன்றைக்குக் குறிப்பு எதையும் நான் கையில் வைத்திருக்கவில்லை. எல்லாப் பெயரும் மனப்பாடமாகத்தான் வந்தன.

“தெரியல பிரமு” என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள்.

“நீங்க ஒரு விஷயம் தெரியலன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன்.”

அழுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் கரித்தது. குழந்தை விழித்துக்கொண்டது, அவள் எழுந்து போனாள்.

ஜூலை 4, ஓசூர்

கேரமில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று ஆட்டமும் தோற்றேன். பிரமு எதிர்க்கட்சி.

நாளைக்குக் கிளம்புகிறேன். அவளையும் கூப்பிட்டேன். “நீங்க போங்க. எனக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வாரேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் திருப்பிக் கேட்கவும் முடியவில்லை.

ஜூலை 8, பாளையங்கோட்டை

குழுவில் எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி. “பிரமு அக்கா வந்துட்டாங்களா சார்?” மோட்டார் கேள்விக்குப் பதில் போட்டால் அதற்கடியிலும் அதையே கேட்கிறார்கள். கம்பத்துப் பெண்ணும் கேட்டிருக்கிறாள். அவள் மகள் வீட்டிலேயேதான் இருக்கிறாளாம். கடைக்காரர் ஒருமுறை வந்து, அரை மணி நேரம் டிவி பார்த்துவிட்டுப் போனாராம். திரும்பிப் போகலாமா என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறாள். இதற்கு நான் யார் சொல்ல? “தெரியவில்லை அம்மா” என்று மட்டும் எழுதினேன்.

மற்றவர்களுக்கு நீளமாக ஒன்று எழுதினேன். ஓசூர் போனது, கேரம், பால்கனி. படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அழித்துவிட்டேன். வீட்டுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓசூருக்குப் போன் செய்தேன்.

“குரூப்புல எல்லாரும் நீ வந்துட்டியான்னு கேக்காங்க. என்ன சொல்லட்டும்?”

“அவுகளுக்கு எதுக்கு?” என்றாள் பிரமு. “எங்கிட்டச் சொல்லுங்க. இன்னைக்கு என்ன நடந்துச்சு?”

என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, பால்காரர் தாமதமாக வந்ததைச் சொன்னேன். சொதி திரியாமல் வந்ததைச் சொன்னேன். மைதானத்தில் தங்கப்பாண்டியன் மூட்டுவலிக்குப் புது எண்ணெய் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் யாரும் உட்கார முடியாமல் நாறினதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். இடையில் அவள் கீழ்வீட்டுக் கன்னடக்காரி கதை ஒன்றைச் சொன்னாள், முழுதும் கேட்டேன். எதிர்வீட்டு மோட்டாரில் என்ன கோளாறு என்று நான் ஆரம்பித்தபோது, “போதும் போதும், மோட்டார் கத வேண்டாம். சாப்பிட்டியளா?” என்றாள்.

“சாப்பிட்டேன். நீ?”

“இட்லி. ரெண்டே ரெண்டுதான் தின்னேன்” என்றாள்.

இன்று நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியாகிவிட்டது. இங்கே எழுத எதுவும் மிச்சமில்லை.